சாவி யார் கையில்? கல்லூரியில் திரைப்பட மன்றம் தொடங்க ஐந்து வழிகள்

போன மாதம் ஒரு மாணவி என்னைத் தேடி ஆசிரியர் அறைக்கு வந்தாள். தாவரவியல், இரண்டாம் ஆண்டு. கையில் நான்கு பக்கக் கடிதம். கல்லூரியில் திரைப்பட மன்றம் தொடங்க அனுமதி கேட்டு எழுதியது. முதல் பக்கம் முழுக்கப் பதவிகள்: தலைவர், துணைத்தலைவர் இருவர், செயலாளர், இணைச்செயலாளர், பொருளாளர், ஊடக ஒருங்கிணைப்பாளர். அடுத்த இரண்டு பக்கங்களில் இலச்சினையும் தொடக்க விழா நிகழ்ச்சி நிரலும். என்ன படம் போடப் போகிறார்கள், எந்தக் கிழமை, எந்த அறை என்பதெல்லாம் நான்காம் பக்கத்தின் அடியில் ஒன்றரை வரி.

"இதை யாரிடம் கொடுப்பது, சார்? துறைத் தலைவரிடமா, நேராக முதல்வரிடமா? வெளியில் பதிவு செய்துகொண்டு வந்தால் இன்னும் மதிப்பாக இருக்கும் என்கிறான் எங்கள் வகுப்புப் பையன்."

உட்காரச் சொன்னேன். அவள் கேட்டது ஒரு மன்றத்துக்கான மூன்று வாசல்கள் அல்ல. மூன்று வெவ்வேறு மன்றங்கள். அவள் கேட்காத வழிகள் இன்னும் இரண்டு இருக்கின்றன. ஐந்தில் நான்கை நானே பட்டுத் தெரிந்துகொண்டவன்; ஒன்றை மாணவனாக இருந்தபோது, ஒன்றைப் படிப்பு முடிந்த கையோடு, இரண்டைப் பொறுப்பாசிரியராக இருந்து. மிச்சமுள்ள ஒன்றை நண்பர் ஒருவரின் கல்லூரியில் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவளிடம் அன்று சொன்னதையும், மணி அடித்துவிட்டதால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். மாணவர் பேரவை வேறு, மன்றம் வேறு. கட்டணம், விடுதி, தேர்வு என்று மாணவர்கள் சார்பில் நிர்வாகத்திடம் பேசுவதுதான் நோக்கமென்றால் அது தேர்தல் விவகாரம். முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை 2006-இல் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. வேட்பாளருக்கு 75 விழுக்காடு வருகைப்பதிவு, செலவு 5,000 ரூபாய்க்குள் என்றெல்லாம் அதில் வரையறைகள் உண்டு. சேவைதான் நோக்கமென்றால் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. 1969-இல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம், ஏழு நாள் முகாம் என்று எல்லாம் வகுத்துவைத்த பாதை. சேவைக்கென்று புதிதாக ஒரு பெயர்ப்பலகை எழுதுவதைவிட அதில் சேர்ந்து உழைப்பது மேல். இந்தப் பெண்ணுக்கு வேண்டியது படம். பார்க்க வேண்டும், பார்த்தபின் அதைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு ஆயத்தமாக எந்தப் பாதையும் இல்லை. அதனால்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: படம் போடும் அறையின் சாவி யார் கையில் இருக்கும்? கொஞ்சம் யோசித்தால், நேரம், பணம், பழி என எல்லாம் அந்தச் சாவியோடு சேர்ந்தே வருவது தெரியும்.

பெயர் இல்லாமல் கூடுவது

கடிதம் இல்லை, பதவி இல்லை, பொறுப்பாசிரியர் இல்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு மடிக்கணினியைச் சுவரில் வெளிச்சமாக்கிப் படம் பார்க்கிறார்கள். இதை ஒரு வழியாகவே பலர் எண்ணுவதில்லை. எனக்கு இதன்மேல் தனி மரியாதை உண்டு. வர விரும்புகிறவன் மட்டுமே வருவான். சான்றிதழுக்காக ஒருவனும் எட்டிப் பார்க்கமாட்டான். படம் முடிந்து விளக்குப் போட்டதும் எழுந்து ஓடமாட்டார்கள். ஒரு மன்றத்துக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க இதைவிட மலிவான சோதனை கிடையாது.

சாவிதான் சிக்கல். நான் மாணவனாக இருந்த கல்லூரியில் கணினி ஆய்வகத்தின் உதவியாளர் எங்களுக்கு வேண்டியவர். ஐந்து மணிக்குப் பூட்ட வேண்டிய கதவை ஏழு வரை எங்களுக்காகத் திறந்துவைப்பார். அவரும் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். வசனம் புரியாத படங்களுக்கு அவர் சொல்லும் விளக்கம் பல நேரம் எங்கள் விளக்கத்தைவிட நன்றாக இருக்கும். ஒரு மழைநாள் மாலையில் அலுவலகத்திலிருந்து ஒருவர் குடை தேடி வந்து கதவைத் திறந்தார். இருட்டில் பதினான்கு பேர், ஆணும் பெண்ணுமாக. என்ன விளக்கம் சொன்னாலும் ஏற்கக்கூடிய காட்சியா அது? எங்களுக்கு ஒரு திட்டோடு போனது. குறிப்பாணை வாங்கியவர் அந்த உதவியாளர்.

பெயரில்லாக் கூட்டத்தின் விலை அதுதான். பணம் செலவாகாது. ஆனால் ஏதாவது நடந்தால், கூட்டத்திலேயே ஆகக் கீழ்ச்சம்பளம் வாங்குகிறவர் தலையில் போய் விழும். அதனால் இதை நான் சொல்வது ஐந்தாறு வாரங்களுக்கு மட்டும். அதுவும் வகுப்பறையில், பகலில், கதவைத் திறந்துவைத்து.

துறை மன்றத்தின் நிழலில்

எல்லாத் துறைகளுக்கும் ஒரு மன்றம் இருக்கும். சேர்க்கையின்போதே அதற்கென்று ஒரு சிறு தொகை வாங்கியிருப்பார்கள். ஆண்டுக்கு இரண்டு கூட்டம் நடக்கும்; ஒன்றில் சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வருவார். இந்த மன்றத்துக்குள் ஒரு பிரிவாகத் திரைப்படத்தைச் சேர்த்துவிடுவதுதான் உள்ளவற்றில் வேகமான வழி. துறைத் தலைவர் ஒப்புக்கொண்டால் அன்று மாலையே சுற்றறிக்கை வகுப்புக்கு வந்துவிடும். அறை துறையினுடையது, சாவி துறை அலுவலக ஆணியில் தொங்கும், புரொஜெக்டர் எனப்படும் ஒளிவீழ்த்தி பீரோவில் இருக்கும். பணத்துக்கும் புதிதாக ஒரு தலைப்பு திறக்க வேண்டியதில்லை.

வேகத்துக்கு ஒரு விலை உண்டு. துறையின் நிறம் மன்றத்தில் ஏறிவிடும். தமிழ்த்துறை என்றால் ஒவ்வொரு படமும் 'இலக்கியமும் திரைப்படமும்' என்ற தலைப்புக்குள் அடங்க வேண்டும். ஆங்கிலத்துறை என்றால் பாடத்திட்டத்தில் இருக்கும் நாடகத்தின் திரைவடிவம். விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல் துறையில் சேர்த்தால் கேட்கவே வேண்டாம், கேமரா கோணத்தைக் குறிப்பெடுத்து மதிப்பெண் வாங்கும் பாடமாக அது மாறிவிடும். தாவரவியல் படிக்கும் பெண் அங்கே விருந்தாளி. ஆறு மாதம் கழித்து, படம் தேர்ந்தெடுக்கும் பேச்சில் அவளுக்கு இடமிருக்காது.

இன்னொன்று, கட்டாயக் கூட்டம். நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் எங்கள் துறைத் தலைவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார். 'கூட்டம் குறையக்கூடாது' என்று இரண்டு வகுப்புகளை அப்படியே அனுப்பிவைத்தார். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். கறுப்பு வெள்ளைப் படம். பத்தாவது நிமிடத்தில் கூடத்தில் திரையைத் தவிர நாற்பது கைப்பேசிகளும் ஒளிர்ந்தன. இடைவேளை விட்டேன், திரும்பி வந்தவர்கள் பதினொரு பேர். அந்தப் பதினொரு பேரை வைத்துத்தான் அடுத்த மூன்று ஆண்டுகள் ஓட்டினேன் என்பது வேறு விஷயம். ஆனால் ஆண்டறிக்கையில் அந்த முதல் கூட்டம்தான் 'மாபெரும் வெற்றி' என்று பதிவாகியிருக்கிறது.

அரசுக் கல்லூரியென்றால் துறைத் தலைவர் எப்போது வேண்டுமானாலும் இடமாறுதலில் போகலாம். அடுத்து வருபவருக்குப் படம் பிடிக்காது என்றில்லை. அவருக்கு அவருடைய மன்றம் இருக்கும்.

முதல்வர் கையெழுத்திட்ட தனி மன்றம்

எந்தத் துறையையும் சேராமல், நுண்கலை மன்றம், நுகர்வோர் மன்றம் போலக் கல்லூரி அளவில் ஒன்று. எல்லாத் துறை மாணவர்களும் சேரலாம் என்பதே இதன் முதல் லாபம். வேதியியல் பையன் ஒருவன் ஒரு படத்தின் நிறங்களைப் பற்றிப் பேசியதை நான் இன்றும் மறக்கவில்லை. துறை மன்றமாக இருந்திருந்தால் அவன் வந்திருக்கவே மாட்டான்.

இதற்குக் காலம் பிடிக்கும். ஒரு பருவம் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல்வரிடம் போகும் கோப்பில் நான்கு தாள்கள் போதும்: விண்ணப்பம், பொறுப்பாசிரியரின் ஒப்புதல், உறுப்பினர் பட்டியல், ஒரு பக்க விதிகள். முதல்வர்கள் என்ன கேட்பார்கள் என்று மாணவர்கள் நினைப்பதும் அவர்கள் உண்மையில் கேட்பதும் வேறு வேறு. சினிமா கலையா, பொழுதுபோக்கா என்று வாதாடத் தயாராகப் போவார்கள் இவர்கள். அவர் கேட்பது, "எத்தனை மணிக்கு முடியும்? பெண்பிள்ளைகள் எப்போது வீட்டுக்குப் போவார்கள்? அதுவரை எந்த ஆசிரியர் இருப்பார்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது அவ்வளவு எளிதல்ல. இரண்டு சுழற்சியாக இயங்கும் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். காலைச் சுழற்சி ஒரு மணி வாக்கில் விடும். அரை மணி நேரத்தில் அதே அறைகளில் மாலைச் சுழற்சி வந்து உட்கார்ந்துவிடும். காலை மாணவர்களுக்கு நேரம் இருக்கிறது, அறை இல்லை. மாலை மாணவர்களுக்கு வகுப்பு முடியும்போது அறை இருக்கிறது, ஊருக்குப் போகும் கடைசிக்கு முந்தைய பஸ் கிளம்பிவிடுகிறது. இரண்டேகால் மணி நேரப் படத்தை இந்த இடுக்கில் எங்கே செருகுவது? நான் பாதிப் படத்தைப் புதன்கிழமையும் மீதியை வியாழக்கிழமையும் போட்டுப் பார்த்தேன். புதன்கிழமை பார்த்தவர்களில் பாதிப் பேர் வியாழக்கிழமை வரவில்லை. வியாழக்கிழமை புதிதாக வந்தவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் கதை கேட்டார்கள். கடைசியில் ஐம்பது நிமிடத்துக்கு உட்பட்ட குறும்படங்கள், ஆவணப்படங்கள் என்று மாறினேன். முழுநீளப் படம் பருவத்துக்கு இரண்டு, அதுவும் சனிக்கிழமை காலை. ஆளும் குறையவில்லை, பேச்சும் நீண்டது. மன்றத்தின் குணத்தைத் தீர்மானித்தது எங்கள் ரசனை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். டவுன் பஸ்ஸின் கால அட்டவணைதான் தீர்மானித்தது.

முதல்வரைச் சம்மதிக்கவைக்க இன்னொரு கதவும் உண்டு. கல்லூரிகளைத் தரப்படுத்தும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் மாணவர் ஆதரவும் முன்னேற்றமும் பார்க்கப்படும். மாணவர்களின் கலைச் செயல்பாடுகள் அங்கே கணக்கில் வரும். 'ஒவ்வொரு திரையிடலுக்கும் ஒரு பக்க அறிக்கை, வருகைப் பட்டியல், எடுத்த இடம் பதிவான ஒளிப்படம் மூன்று நாளில் தருகிறோம்' என்று விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால் கல்லூரியில் இந்த மதிப்பீட்டு வேலையைப் பார்க்கும் உள்தர உறுதிப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் உங்களுக்காக வாதாடுவார். இதைச் சொன்னால் சில மாணவர்கள் முகம் சுளிக்கிறார்கள். கலைக்கு ஏன் சான்று என்கிறார்கள். அறை வேண்டுமென்றால் அறிக்கை எழுதத்தான் வேண்டும். இருபது நிமிட வேலை.

பணம் மட்டும் கேட்காதீர்கள், முதல் ஆண்டிலாவது. முன்பணம் வாங்கினால் மூன்று விலைப்புள்ளி, வரி எண்ணோடு ரசீது, அலுவலகக் கண்காணிப்பாளரின் கேள்வி என்று ஒரு பருவம் அதிலேயே கழியும். நானூறு ரூபாய்த் தேநீர்ச் செலவுக்கு நான் எழுதிய விளக்கக் கடிதத்தின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அறையும் ஒளிவீழ்த்தியும் கிடைத்தால் திரைப்பட மன்றத்துக்கு வேறென்ன செலவு? தேநீரை ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுக் குடித்துக்கொள்ளலாம்.

இதன் பலவீனம் ஜூன் மாதம். மூன்றாம் ஆண்டு மாணவர்களைச் செயலாளராக வைத்துக்கொண்டால் ஏப்ரலோடு மன்றமும் தேர்வெழுதிவிட்டுப் போய்விடும். ஜூனில் கதவைத் திறந்தால் யாரும் இருக்கமாட்டார்கள். இரண்டாம் ஆண்டு மாணவரே செயலாளர், மூன்றாம் ஆண்டினர் ஆலோசனை மட்டும் என்று விதியில் எழுதிவிடுங்கள். அதைவிடப் பெரிய பலவீனம் பொறுப்பாசிரியர் ஒருவரே என்பது. அவர் மாறுதலில் போனால், அல்லது என்னைப் போல ஓர் ஆண்டு தேர்வு வேலையில் மூழ்கிவிட்டால், எல்லாம் நின்றுவிடும். இரண்டு ஆசிரியர்களின் பெயரைப் போடுங்கள். ஒருவர் வேறு துறையாக இருக்கட்டும்.

சட்டம் எந்தப் பக்கம்?

வெளியே போகும் வழிகளைப் பார்க்கும் முன் பதிப்புரிமையைப் பேசிவிட வேண்டும், ஏனென்றால் திரைப்பட மன்றத்துக்கு இதுதான் தராசை ஒரு பக்கமாகச் சாய்க்கிறது. வாசகர் வட்டத்துக்கோ மலையேற்றக் குழுவுக்கோ இந்தத் தலைவலி கிடையாது.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு எவையெல்லாம் உரிமை மீறல் ஆகா என்று பட்டியலிடுகிறது. அதில் ஒன்று, கல்வி நிறுவனத்தின் செயல்பாடுகளின் பகுதியாகத் திரைப்படம் காட்டுவது. நிபந்தனை பார்வையாளர்களைப் பற்றியது: அந்த நிறுவனத்தின் ஊழியர்கள், மாணவர்கள், மாணவர்களின் பெற்றோர், பாதுகாவலர்கள், நிறுவனத்தின் செயல்பாடுகளோடு தொடர்புடையவர்கள். இந்த வட்டத்துக்குள் இருக்கும்வரை மன்றத்துக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் 'நிறுவனத்தின் செயல்பாடு' என்று காட்ட ஏதாவது ஆதாரம் வேண்டும். முதல்வரின் ஒப்புதலும் சுற்றறிக்கையும் அதற்குத்தான். பெயரில்லாக் கூட்டத்துக்கு அந்த ஆதாரம் இல்லை.

கல்லூரிக்கு வெளியே போனால் கதை மாறுகிறது. கட்டணம் வாங்காமல் நிகழ்ச்சி நடத்தும், தொழில்முறை சாராத கழகங்களுக்கும் அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு. ஆனால் அது இலக்கியம், நாடகம், இசை ஆகியவற்றின் நிகழ்த்துதலுக்குத்தான். திரைப்படத்தை அது குறிப்பிடவில்லை. ஆகவே வெளியே படம் காட்ட உரிமையாளரின் அனுமதி வேண்டும். மண்டபம் பிடித்துப் பொதுமக்களுக்கே காட்டுவதென்றால் 1952-ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டத்தின் தணிக்கைச் சான்றும், 1955-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின் உரிமமும் வந்து நிற்கும்.

ஓர் எச்சரிக்கை. விலக்கு படத்தைக் காட்டுவதற்குத்தான், திருட்டுப் பிரதிக்கு அல்ல. ஓடிடி சந்தாவும் பொதுவாகத் தனிப்பட்ட பயன்பாட்டுக்கென்றே தரப்படுகிறது. நெட்ஃபிளிக்ஸ் சில ஆவணப்படங்களுக்கு மட்டும் கல்விக்கான ஒருமுறைத் திரையிடலை வெளிப்படையாக அனுமதிக்கிறது. நம் ஊர்க் குறும்பட இயக்குநர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் படத்தையும் தருவார்கள், பல நேரம் அவர்களே பஸ் ஏறி வந்துவிடுவார்கள். எனக்கு வாய்த்த நல்ல மாலைகளில் பாதி அப்படி அமைந்தவை.

கூட்டமைப்பின் கிளையாக

இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு 1959-இல் உருவானது. முதல் தலைவர் சத்யஜித் ராய். கல்கத்தா, பம்பாய், டெல்லி, சென்னை, பாட்னா சங்கங்களோடு ரூர்க்கியும் சேர்ந்து தொடங்கியது அது. ரூர்க்கி பொறியியல் பல்கலைக்கழகத்துக்காகப் பெயர்பெற்ற சின்ன ஊர் என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி. கல்லூரி வளாகங்களும் அதில் சங்கமாகச் சேர வழி இருக்கிறது.

அன்று கூட்டமைப்பு ஏன் தேவைப்பட்டது? படம் ஒரு பெட்டியாக இருந்த காலம் அது. தூதரகத்திலோ, 1964-இல் புனேயில் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலோ ஒரே ஒரு பிரதி இருக்கும். அது ரயிலேறி ஊர் ஊராகப் போக வேண்டும். ஒரு சங்கம் தனியாகக் கேட்டால் கிடைக்காது. பத்துச் சங்கங்கள் சேர்ந்து கேட்டால் கிடைக்கும். படப்பெட்டிதான் அவர்களைச் சேர்த்துவைத்தது. இன்று படம் மாணவர் பையில் இருக்கிறது. ஆகவே கூட்டமைப்பிலிருந்து கிடைப்பது படமல்ல, ஆட்கள்: படம் பார்த்தே தலை நரைத்தவர்கள், விழாக்கள், பக்கத்து ஊர்ச் சங்கத்தின் தொடர்பு. என் நண்பரின் கல்லூரியில் இப்படிச் சேர்ந்தபின் மூத்த சங்கத்துக்காரர் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து பேசினார். பட விமர்சனம் என்றால் 'முதல் பாதி அருமை, இரண்டாம் பாதி இழுவை' என்று மட்டுமே அறிந்திருந்த பிள்ளைகள் ஓராண்டில் காட்சியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

ஆனால் கூட்டமைப்பு உங்கள் கல்லூரி அறைக்குச் சாவி தராது. இணைப்புக் கட்டணம், ஆண்டறிக்கை, கடிதப் போக்குவரத்து என்று வேலை கூடும். முதல்வரின் ஒப்புதல் அப்போதும் வேண்டும். மற்ற வெளிக் கிளைகளும் இப்படித்தான். ரோட்டரி சங்கத்தின் இளைஞர் அமைப்பாக 1968-இல் தொடங்கிய ரோட்டராக்டில் பல்கலைக்கழக மன்ற உறுப்பினருக்குத் தலைக்கு ஆண்டுக்கு 5 டாலர் சந்தா என்று 2022-இல் வந்தது. ஐம்பது பேர் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உயிரோடிருக்கும் மன்றத்துக்கு வெளி இணைப்பு உரம். விதை போடும்போதே உரத்தைக் கொட்டினால் முளை கருகும். இரண்டாம் ஆண்டில் யோசிக்கலாம்.

பதிவு செய்த சங்கம்

அந்த வகுப்புப் பையன் சொன்ன வழி. மாணவர்களுக்கு இதன்மேல் எப்போதும் ஒரு மயக்கம். எனக்கும் இருந்தது.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். சங்க அமைப்புக் குறிப்பு, துணைவிதிகள், நிர்வாகிகள் பட்டியல், ஓர் அலுவலக முகவரி. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கல்லூரியை முடித்த கையோடு நாங்கள் ஏழு பேர் இதைச் செய்தோம். முகவரி, எங்களில் ஒருவன் வாடகைக்கு இருந்த மாடி அறை. சான்றிதழ் கையில் வந்த அன்று ஏழு பேரும் அதோடு ஒளிப்படம் எடுத்துக்கொண்டோம். வட்ட முத்திரை ஒன்றும் செய்தோம், நடுவில் படச்சுருள் வரைந்தது.

அதன்பின் ஆறு படம் போட்டோம். ஒவ்வொன்றுக்கும் மண்டப வாடகை. கல்லூரிக்குள் இலவசமாகக் கிடைத்த இருட்டை வெளியே காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. பழைய கல்லூரியிலேயே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுப் போனோம். 'நீங்கள் வெளி அமைப்பு' என்று சொல்லிவிட்டார்கள். சான்றிதழைக் காட்டியதுதான் தவறு; வெறும் முன்னாள் மாணவர்களாகப் போயிருந்தால் உட்காரச் சொல்லியிருப்பார்கள். அடுத்த ஆண்டு இருவர் சென்னைக்கு, ஒருவன் துபாய்க்கு, ஒருத்தி திருமணமாகிக் கோவைக்கு. ஆண்டுப் பொதுக்குழு, கணக்குத் தாக்கல், நிர்வாகிகள் மாறினால் அதற்கொரு படிவம் என்று சட்டம் கேட்பதையெல்லாம் செய்ய ஆளில்லை. மாடி அறையையும் காலி செய்தாகிவிட்டது. அந்த முகவரிக்கு அரசுக் கடிதம் ஏதேனும் வந்திருந்தால் அடுத்துக் குடிவந்தவர் என்ன செய்தாரோ, தெரியாது. வட்ட முத்திரை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மைப்பெட்டி காய்ந்துபோய்விட்டது.

பதிவு கெட்டது என்று சொல்லவில்லை. அது ஊரிலேயே இருப்பவர்களுக்கானது. கல்கத்தா திரைப்படச் சங்கம் 1947-இல் தொடங்கியபோது ராய் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். திருவனந்தபுரத்தில் சித்ரலேகா சங்கம் 1965-இல் உருவானபோது, பின்னாளில் மலையாள இயக்குநராகப் பெயர்பெற்ற அடூர் கோபாலகிருஷ்ணன் புனே திரைப்படக் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டிருந்தார். இவர்கள் யாரும் ஏப்ரலில் மூட்டை கட்ட வேண்டியிருக்கவில்லை. மூன்றாண்டில் கலைந்துபோகும் கூட்டத்துக்கு, ஆண்டுதோறும் கணக்குக் கேட்கும் சட்டம் பொருந்தாத சட்டை. முன்னாள் மாணவர்கள் இருபது பேர் ஒரே ஊரில் தங்கிவிட்டால், அவர்கள் பதிவு செய்துகொண்டு கல்லூரி மன்றத்துக்குத் துணையாக இருக்கலாம். அது நல்ல ஏற்பாடு.

ஆக, அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது இது. இந்தப் பருவம் பெயரே வேண்டாம். பகலில், திறந்த கதவோடு, ஆறு குறும்படம். ஆறாவது படத்துக்கும் எட்டுப் பேர் வந்தால் நேராக முதல்வரிடம் தனி மன்றமாகப் போ. துறையின் நிழல் வேண்டாம், உனக்கு அவசரம் இல்லை. ஆனால் சிறிய கல்லூரியாக, ஒரே கூடமும் ஒரே ஒளிவீழ்த்தியும் ஒரு துறையிடம் மட்டுமே இருக்கும் இடமாக இருந்தால் நான் துறை மன்றத்தையே சொல்லியிருப்பேன். அங்கே நிறத்தைப் பற்றிக் கவலைப்பட்டால் படமே இல்லை. கூட்டமைப்பு அடுத்த ஆண்டு. பதிவு, படிப்பு முடிந்தபின் உன் விருப்பம்.

"அப்போது தொடக்க விழா, சார்?" என்றாள்.

கடிதத்தின் முதல் மூன்று பக்கங்களை உறையில் போட்டு அவளிடமே கொடுத்தேன். நான்காம் பக்கத்தின் ஒன்றரை வரியை ஒரு பக்கமாக எழுதி வரச் சொன்னேன்.

போன வாரம் வந்தாள். ஒரே தாள். கிழமை, மணி, அறை எண், ஆறு படங்களின் நீளம் நிமிடக் கணக்கில், மூன்று தடப் பஸ்களின் நேரம். பதவிகள் இல்லை. சாவியைப் பற்றி நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

"ஆய்வக உதவியாளர் அண்ணனிடம் பேசிவிட்டேன், சார். புதன்கிழமை அவரே திறந்து, அவரே இருந்து பூட்டுகிறேன் என்றார். பிளஸ் டூ படிக்கும் அவருடைய மகளும் வந்து பார்க்கலாமா என்று கேட்கிறார்."

ஊழியர், மாணவர், பெற்றோர், பாதுகாவலர், தொடர்புடையவர் என்று 52-ஆம் பிரிவை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். ஊழியரின் மகள் இதில் எந்தச் சொல்லுக்குள் வருவாள் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாற்காலி ஒன்று கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.